கிளெமியின் கடை நடந்ததும் நின்றதும்

கிளெமென்டினா கிட்டன்ஸின் கடைக்குக் கால் உண்டு என்று கரும்புத் தோட்டங்கள் நிறைந்த அந்தத் தீவின் செயின்ட் பிலிப் வட்டாரத்தில் பேசிக்கொள்வார்கள். சும்மா பேசவில்லை. அவளுக்கு நாற்பத்தாறு வயது ஆவதற்குள் அந்தப் பலகைக் கட்டடம் நான்கு தடவை இடம் மாறியிருந்தது. முதல் நடை அவள் பூட்டனார் காலத்தில். அவருடைய ஆடு தோட்டத்துத் துரைசானியின் ரோஜாச் செடியைத் தின்றுவிட்டது. ஆட்டுக்கு மன்னிப்புக் கிடைத்தது, ஆட்டுக்காரருக்குக் கிடைக்கவில்லை. இரண்டாவது நடை தாத்தா காலத்தில். அடுத்த தோட்டத்தில் கரும்பு வெட்ட ஒரு பென்னி கூடக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். திரும்பிப் பார்த்ததுதான் குற்றம். மூன்றாவது, கூலிக் கலகம் நடந்த வருஷம் அம்மா ரொசெட்டா ஊர்வலத்தில் பாடியதற்கு. அவள் குரல் பிரிட்ஜ்டவுன் துறைமுகத்துக் கப்பலுக்கே கேட்டதாம். துரை காதுக்குக் கேட்காமல் இருக்குமா? நான்காவது நடை கிளெமியால் வந்தது. பத்தொன்பது வயதில் அவளைப் பார்த்துத் தோட்டத்துக் கங்காணி கையை நீட்டினான். அவள் கொதிக்கிற எண்ணெய்க் கரண்டியை நீட்டினாள்.

ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான். பழுப்பு நிறத்தில் நீள உறை ஒன்று வரும். வந்த வாரத்துக்குள் வீட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட வேண்டும். ஏனென்றால் வீடு அவர்களுடையது, அது நிற்கிற மண் தோட்டத்துடையது. அடிமைச் சங்கிலியை அறுத்த நாளில் ஆளைத்தான் விட்டார்கள், மண்ணை விடவில்லை. ஆகவே அந்த ஜனங்கள் மண்ணோடு ஒட்டாத வீடு கட்டப் பழகிக்கொண்டார்கள். பவளக்கல் துண்டுகளை அடுக்கி அதன்மேல் வீட்டை உட்கார வைப்பார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சாந்து கிடையாது. சுவர்களை ஆணி அடிக்காமல் திருகாணியில் பூட்டுவார்கள். கிளெமி வீட்டுப் பலகைகளின் உள்பக்கத்தில் ரொசெட்டா கத்தியால் கீறிய அடையாளங்கள் இருந்தன. எந்தப் பலகை எதற்குப் பக்கத்தில் என்று கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லிவிடலாம். திருகாணி கழற்றும் திருப்புளி அடுப்படியில், கரண்டிக்குப் பக்கத்துக் கொக்கியில் தொங்கும். சமையலுக்குக் கரண்டி எப்படியோ குடும்பத்துக்குத் திருப்புளி அப்படி.

முன்னறைதான் கடை, பின்னறை படுக்கை. கணவன் அரூபா தீவில் எண்ணெய் ஆலை வேலை என்று கப்பலேறியவன். இரண்டு கடிதம் வந்தது, மூன்றாவது இன்னும் கடலில் மிதக்கிறது. கிளெமி அதற்காகக் காத்திருக்கவில்லை. விடியும் முன் கருவாட்டை ஊறவைத்து உதிர்த்து, மாவும் வெங்காயமும் மிளகாயும் சேர்த்து வடை சுட ஆரம்பித்துவிடுவாள். சுற்றிலும் கடல் இருந்தும் கருவாடு கனடாவிலிருந்துதான் வரும். அந்தக் காலத்தில் அடிமைகளுக்கு அளந்து போட்ட மலிவுச் சரக்கு. நாளாக ஆக நாக்கு அதைச் சொந்தம் கொண்டாடிவிட்டது. பன்னைப் பிளந்து உள்ளே இரண்டு வடை வைத்துக் கொடுத்தால் அதுதான் ஊருக்குக் காலைச் சாப்பாடு. தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சாறு, குடிக்க மோபி என்கிற கசப்புப் பட்டைக் கஷாயம். கிளெமியின் மோபியைக் குடித்துவிட்டு ஊன்றுகோலை மறந்து வைத்துவிட்டுப் போன கிழவர்கள் மூன்று பேர். ஊன்றுகோல்கள் இன்னும் கடையில்தான் இருக்கின்றன.

வடை அவளுடையது. பன் மட்டும் அவளுடையது அல்ல. அது பட்டணத்து ரொட்டி ஆலையிலிருந்து வண்டியில் வரும். அவள் வடைக்குக் கிடைக்கும் காசில் பாதியைப் பன் தின்றுவிடும். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை: கல்லால் கட்டிய, வயிறு பெருத்த ரொட்டி அடுப்பு ஒன்று சொந்தமாக வேண்டும்.

ஒருநாள் பக்கத்து வீட்டுத் தையற்காரி ஊனாவிடம் அதைச் சொல்லித் தொலைத்துவிட்டாள். ஊனாவின் ஊசி தைக்கும், நாக்கு கிழிக்கும்.

"கடையைத் தூக்குவோம், சரி. அடுப்பை என்னடி பண்ணுவ? தலையில வச்சுக்கிட்டு ஓடுவியா?"

கிளெமி சட்டியைக் கரியடுப்பில் ஏற்றினாள். அன்று வடை சுட்டுக்கொண்டே யோசித்தாள். அவள் அம்மா பொரித்தாள், பாட்டி அவித்தாள், பூட்டி கிண்டினாள். ஒருத்தியும் ரொட்டி சுடவில்லை. திறமை இல்லாமலா? கரியடுப்பைத் தூக்கலாம், சட்டியைத் தூக்கலாம். தூக்க முடிந்ததை வைத்துத்தான் நான்கு தலைமுறையும் பிழைத்திருக்கிறது. இது அவளுக்கு உறைத்தபோது ஒரு சட்டி வடை கருகிப்போனது. அதை அப்படியே தின்று தீர்த்தாள், யோசனைக்குக் கொடுத்த விலை என்று.

வங்கிக்குப் போனாள். கழுத்துப்பட்டை கட்டிய மனிதர் மரியாதையாகத்தான் கேட்டார், சொத்து என்ன இருக்கிறது என்று. வீடு இருக்கிறது என்றாள். எங்கே நிற்கிறது என்றார். இப்போதைக்கு நாற்சந்தியில் என்றாள். 'இப்போதைக்கு' என்ற வார்த்தையிலேயே அவர் பேனாவை மூடிவிட்டார். நடந்து போய்விடக்கூடிய வீட்டுக்குக் கடன் கிடையாதாம். மண் வாங்கக் கடன் வேண்டும், கடன் வாங்க மண் வேண்டும். செக்குமாடு மாதிரி இதையே சுற்றிக்கொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை. வடையை நம்பினாள். பதினோரு வருஷம். எத்தனை வடை என்று கணக்குப் பார்த்தால் கனடாக் கடலில் மீன் மிஞ்சியிருப்பதே ஆச்சரியம். அந்த வட்டாரத்தில் தோட்டத்துக்குச் சேராத துண்டு நிலம் ஒன்றுதான் இருந்தது, சிற்றாலயத்துக்குப் பக்கத்தில். பனாமாவில் கால்வாய் வெட்டிச் சம்பாதித்து வந்த ஒருவர் அந்தக் காலத்தில் வாங்கியது. அவருடைய மகள் புரூக்ளின் பட்டணத்துக்கே குடிபோய்விட்டாள். அவளிடமிருந்து கிளெமி அதை வாங்கினாள். வக்கீல் கொடுத்த பத்திரத்தை பிஸ்கட் டின்னில் போட்டு மூடினாள். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அடுத்த மாதம் சாவகாசமாக இடம் மாறலாம் என்றிருந்தாள். அதற்குள் நீள உறை வந்துவிட்டது. நாற்சந்தியில் துரையின் மச்சான் குளிர்பானக் கடை போடப் போகிறாராம். சனிக்கிழமை நண்பகலுக்குள் காலி செய்ய வேண்டும். அதன்பிறகு அந்த மண்ணில் நிற்பது எதுவானாலும் தோட்டத்துக்குச் சொந்தம். அக்கம்பக்கத்தில் இருந்த லாரிகள் இரண்டு. இரண்டும் தோட்டத்து லாரிகள். இரண்டுக்கும் அந்த வாரம் பார்த்து உடம்பு சரியில்லை.

சனிக்கிழமை என்றால் அந்தத் தீவில் யாரும் வீட்டில் உலை வைக்கமாட்டார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்குப் புட்டும், எலுமிச்சையும் வெள்ளரியும் போட்டு ஊறவைத்த பன்றிக்கறியும்தான் அன்றைக்கு. பத்து மணிக்கெல்லாம் கிளெமி கடை முன்னால் பாத்திரத்தோடு வரிசை நிற்கும். அன்றும் நின்றது. அவள் ஜன்னலைத் திறந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"புட்டு ரெடி, கறி ரெடி," என்றாள். "இன்னையிலிருந்து சாப்பாடு புது இடத்துல. சிற்றாலயத்துக்குப் பக்கத்துல."

"அப்ப அங்க போய் நிக்கிறோம்," என்றார் வரிசையில் முதல் ஆள்.

"நீங்க போகலாம். சட்டியெல்லாம் கடைக்குள்ள இருக்கு. கடையில்லாம நீங்க மட்டும் அங்க போய் என்ன செய்வீங்க?"

வரிசை யோசித்தது. பசி சீக்கிரம் யோசிக்கும். கொத்தனார் எஸ்ரா ஓடிப்போய் மூங்கில் கழிகள் கொண்டுவந்தான். கழற்ற நேரமில்லை, முழுசாகவே தூக்கினார்கள். நாற்பது பேர் என்று ஊனா சொல்வாள், அறுபது என்று எஸ்ரா சொல்வான். அந்நேரம் வந்த பேருந்தை ஓட்டுநர் ஓரங்கட்டினார். பயணிகளோடு இறங்கி அவரும் ஒரு மூலைக்குத் தோள் கொடுத்தார். கிளெமி உள்ளே நின்று கறிச் சட்டியை ஒரு கையாலும் மோபி ஜாடியை மறு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அரை மைல் தூரம். சட்டியிலிருந்து தெறித்தது ஒரே ஒரு வெள்ளரித் துண்டு, அதுவும் தேவாலயக் கணக்கரின் தொப்பிமேல். அவர் அதை எடுத்துத் தின்றுவிட்டு நடந்தார்.

துரை பங்களா வாசலைத் தாண்டும்போது மணி பன்னிரண்டுக்குக் கால் மணி இருந்தது. துரை வராந்தாவில் கண்ணாடித் தம்ளரோடு நின்றார். வேலிக்கு மேலாக ஒரு கடை போகிறது, ஜன்னலில் ஒரு பெண் நிற்கிறாள். இப்படி ஒரு காட்சியைப் பார்த்துவிட்டு என்ன பேசுவது என்று அவருக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரவில்லை.

"துரை," என்றாள் கிளெமி, ரொம்பப் பணிவாக. "வழக்கம்போல ஒரு பொட்டலம்தானே? சமையல்காரரைப் புது இடத்துக்கு அனுப்பிடுங்க."

அனுப்பினார் என்றுதான் கேள்வி. ஆத்திரம் வேறு, சனிக்கிழமைப் பசி வேறு.

புது மண்ணில் எஸ்ரா எல்லாம் தயாராக வைத்திருந்தான். கடைக்கால் தோண்ட அளவு கட்டிய கயிறு, மணல், ஒரு மூட்டை சிமெண்ட். கட்டடத்தை அதில் உட்கார வைத்துவிட்டு, பின்பக்கம் அடுப்பும் கட்டிவிடலாம் என்றான். கிளெமி மண்ணைப் பார்த்தாள். பிறகு பழைய இடத்திலிருந்து கூடையில் வந்திருந்த பவளக்கற்களைப் பார்த்தாள்.

"இன்னைக்கு வேண்டாம் எஸ்ரா," என்றாள். "கல்லு மேலேயே வைங்க."

அவன் கல்லை அடுக்கினான். அடுத்த வாரம் வந்தான். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றாள். அந்த மூட்டை மழையில் இறுகிப் பாறையானது. இன்னொரு மூட்டை வாங்கினான், அதுவும் இறுகியது. மூன்றாவதும். வடை வாங்க வந்தவர்களுக்கு உட்கார மூன்று ஆசனங்கள் கிடைத்தன.

"சொந்த நிலத்துல குடக்கூலிக்காரி மாதிரி உட்கார்ந்திருக்கியேடி," என்றாள் ஊனா.

கிளெமிக்கே அது விளங்கவில்லை. பகலெல்லாம் நன்றாகத்தான் இருப்பாள். சிமெண்ட் வாசனை மூக்கில் ஏறினால் போதும், ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள். வெள்ளிக்கிழமை தோறும் தன்னை அறியாமல் திருப்புளியை எடுத்து, ஒவ்வொரு திருகாணியும் சுழல்கிறதா என்று பார்த்து எண்ணெய் விடுவாள். பிஸ்கட் டின்னில் பத்திரம் இருந்தது உண்மைதான். ஆனால் காகிதத்தை அவள் எப்படி நம்புவாள்? அவள் வம்சத்தில் காகிதம் வந்தபோதெல்லாம் துரை பக்கம்தான் பேசியிருக்கிறது.

இதற்கிடையில் ரொட்டி வண்டி வேறு தன் வேலையைக் காட்டியது. சிற்றாலயம் அதன் வழியில் இல்லையாம். நாற்சந்தியோடு திரும்பிவிடும். அங்கே மச்சான் கடை புதுப்பன்னை எடுத்துக்கொண்டு, மிஞ்சியதை இவளுக்கு விடும். விடிகாலையில் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அரை மைல் போய் அரை மைல் வருவாள். வலது முழங்கால் முனக ஆரம்பித்தது. சில நாள் முப்பது பன் கிடைக்கும், சில நாள் பத்து. பன் இல்லாமல் வெறும் வடையை இலையில் வைத்துக் கொடுத்தால் வேலைக்குப் போகிற ஆட்களுக்கு வயிறு நிறையாது. ஒவ்வொருவராக நாற்சந்திப் பக்கம் நழுவினார்கள். ஈஸ்டருக்குள் அடுப்பு எழும்பவில்லையென்றால் கடையை மூட வேண்டியதுதான் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. தெரிந்தும் கை ஓடவில்லை.

ஈஸ்டருக்கு மூன்று வாரம் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தபால்காரர் கார்லைல் சைக்கிளை விட்டு இறங்கினார். முகத்தைத் திருப்பிக்கொண்டே கையை நீட்டினார். கையில் பழுப்பு நிறத்தில் நீள உறை.

கிளெமி நாலாம் வகுப்பு வரை படித்தவள், தினமும் வேதாகமம் வாசிக்கிறவள். ஆனால் அந்த உறையைப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நான்கு தலைமுறையாக அதில் எழுதியிருந்தது ஒன்றுதானே. உறையை மோபி ஜாடியின் கீழ் செருகினாள். சட்டியை இறக்கினாள். கொக்கியிலிருந்து திருப்புளியை எடுத்தாள்.

அவள் கையில் திருப்புளியைப் பார்த்ததும், வடைக்கு வந்து வாசலிலேயே தைத்துக்கொண்டிருந்த ஊனா ஊசியைப் போட்டுவிட்டு எழுந்துவந்தாள், பின்னாலேயே அக்கம்பக்கத்து ஆட்களும் வந்தார்கள். யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஊரில் கேட்கமாட்டார்கள். செத்த வீட்டில் யாராவது காரணம் கேட்டுவிட்டா தோள் கொடுப்பார்கள்? ஆளுக்கொரு மூலையில் ஏறினார்கள். பத்து மணிக்குக் கூரைத் தகரம் கீழே. பதினொன்றுக்கு மூன்று சுவர் புல்லில். நான்காவது சுவர் மட்டும், ஜன்னலோடும் மோபி ஜாடியோடும் தனியாக நின்றது. கிளெமி வியர்வையைத் துடைக்காமல் கழற்றிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அவள் அம்மா மூன்றாவது நடையில் அழவில்லை, இவள் மட்டும் அழுவாளா?

அப்போதுதான் எஸ்ரா காலை வேலை முடிந்து அந்த வழியாக வந்தான். நின்று பார்த்தான்.

"எங்க போறீங்க எல்லாரும்?"

"உறை வந்திருக்கு," என்றாள் ஊனா.

"யாரு அனுப்பினது?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எஸ்ரா ஜாடியை நகர்த்தி உறையை எடுத்தான். ஈரத்தில் ஒரு ஓரம் ஊறியிருந்தது. கிழித்து, காகிதத்தைத் தூரத்தில் பிடித்து, எழுத்தெழுத்தாக வாசித்தான். அரசாங்கத்து நிலவரி அலுவலகம். சிற்றாலயச் சாலை, இத்தனையாம் எண் மனை. வரி இரண்டு டாலர் நாற்பது. செலுத்த வேண்டியவர், நில உரிமையாளர் கிளெமென்டினா கிட்டன்ஸ்.

கிளெமி திருப்புளியை மடியில் வைத்துக்கொண்டு, இறுகிப்போன சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"வரியா?"

"வரிதான் அக்கா."

"நான் கட்டணுமா?"

"பின்ன துரையா கட்டுவாரு? நிலம் உங்களோடது."

"அந்தக் கடைசி வரியைத் திரும்பப் படி."

படித்தான். இன்னொரு தடவை என்றாள். ஏழு தடவை படித்தான். எட்டாவது தடவைக்கு அவனே காசு கேட்டிருப்பான், ஆனால் அதற்குள் அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். முதலில் தோள் குலுங்கியது, பிறகு மூட்டை குலுங்கியது. நான்கு தலைமுறையிடம் தோட்டம் வியர்வை கேட்டிருக்கிறது, வாடகை கேட்டிருக்கிறது, ஒரு தடவை ஆட்டுக்குக்கூடக் கணக்குக் கேட்டிருக்கிறது. மண்ணுக்கு வரி கேட்டதில்லை. மண் இருந்தால்தானே கேட்பார்கள்? வக்கீல் பத்திரம் பொய் சொல்லலாம். காசு வசூலிக்கிற அரசாங்கம் ஆள் மாறி வசூலிக்காது. இதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"வரிக் கடுதாசியைப் பாத்துச் சிரிச்ச பைத்தியம் இந்தத் தீவுலயே நீ ஒருத்திதாண்டி," என்றாள் ஊனா. சொல்லிவிட்டு அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், தூசி என்றாள்.

மனிதர்கள் புல்லில் கிடந்த சுவர்களைப் பார்த்தார்கள். முழு வீட்டையும் வரிக்காகப் பிரித்துப் போட்டிருக்கிறோம் என்பது மெதுவாக உறைத்தது. கூரை ஏறிய ஆசாமி ஒருவர், மறுபடி ஏற வேண்டுமா என்று பரிதாபமாகக் கேட்டார்.

எஸ்ரா தொண்டையைக் கனைத்தான். "அக்கா, பலகையெல்லாம் கீழ கிடக்கு. தரை காலியா இருக்கு. இதவிட நல்ல சமயம் வராது. இப்ப கடைக்கால் போடவா?"

கிளெமி எழுந்து போனாள். வடகிழக்கு மூலையில் அடுக்கியிருந்த கற்களைக் கலைத்து, அடிக்கல்லைப் பிரட்டி எடுத்தாள். போன இடமெல்லாம் கூடவே வந்த கல் அது. ஒரு பக்கம் தேய்ந்து கன்னம்போல வழவழத்திருந்தது. அதை இரண்டு கையாலும் தூக்கி எஸ்ராவிடம் கொடுத்தாள்.

"இதை அடுப்புக்கு அடியில போடு," என்றாள். "மத்த கல்லையும்தான். ரொம்ப நடந்திருச்சுங்க."

நாலாவது மூட்டை சிமெண்ட் இறுகவில்லை. பிரித்த கையோடு எல்லோருமே மண் வெட்டினார்கள். கிளெமி இரண்டு வாரம் தார்ப்பாய்க்குக் கீழே படுத்து, மரத்தடியில் வடை சுட்டாள். உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பலகைக் கடை கடைக்கால்மேல் ஏறி நின்றது, அடுப்பும் கட்டி முடிந்தது. முதல் ரொட்டி செங்கல்லாக வந்தது. எஸ்ரா அதைத் தட்டிப் பார்த்து, சுவருக்கு வேண்டும் என்று கேட்டான். இரண்டாம் நாள் ரொட்டி வெளியே கரி, உள்ளே கூழ். மூன்றாம் நாள் சொன்னபடி எழுந்தது, ஞாயிற்றுக்கிழமை அல்லவா. மேலே பொன்னிறம், பிட்டால் ஆவி. சிற்றாலயத்தில் அன்று பிரசங்கியார் பிரசங்கத்தைப் பாதியில் முடித்துக்கொண்டார். அவர் மூக்கும் மனுஷ மூக்குதானே.

ஜூன் மாதத்துக்குள் ஓடிப்போன ஆட்கள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்குள் குளிர்பானக் கடை மச்சானே பன் கேட்டு ஆள் அனுப்பினார். கிளெமி கொடுத்தாள், முழு விலைக்கு. அந்த இடம் தன் வண்டியின் வழியில் இல்லை, வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று சொல்லியனுப்பினாள். வண்டி என்று அவளுக்கு ஒன்று கிடையாது. அதனாலென்ன?

திருப்புளியை அவள் தூக்கிப் போடவில்லை. அடுப்பின் இரும்புக் கதவுக்கு அதுதான் இப்போது தாழ்ப்பாள். வெள்ளிக்கிழமைகளில் கை பழக்கத்தில் கொக்கியைத் தேடும். வெறும் கரண்டிதான் அகப்படும். எடுத்து எதையாவது கிண்டிவிட்டு வருவாள்.

வருஷம் பிறந்ததும் முதல் வேலைநாள் அன்று, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு, துணியில் சுற்றிய சூடான ரொட்டி ஒன்றோடு பேருந்தேறி வரி அலுவலகத்துக்குப் போவாள். வரி தபாலில் அனுப்பலாமே அம்மா என்று எழுத்தர் வருஷா வருஷம் சொல்லிப் பார்ப்பார். அவள் ரொட்டியை அவர் பக்கம் தள்ளுவாள். பிறகு பின்னால் நிற்கிற வரிசை முழுவதும் காத்திருக்க, அந்தச் சீட்டில் உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர் போட்டிருக்கிறது என்று கொஞ்சம் சத்தமாகப் படிக்கச் சொல்வாள்.